சத்திரத்து வாசலில் தேய்ந்த குரல்

வயிறு நிறைந்து வந்திருப்பவர்களே, கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்களுக்கான கதை. வயிறு காய்ந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

மழை பொய்த்துப் போன ஒரு பழைய காலத்தில், கள்ளிமேடு என்னும் ஊரில், ராஜா கட்டிவைத்த அன்ன சத்திரம் ஒன்று இருந்தது. அதற்குச் சமையற்காரன் உடையப்பன். கைமணம் உள்ளவன், இளகிய மனசுக்காரன், ஆனால் நாக்குக்கு அடிமை. சத்திரத்தில் ஒரு வழக்கம். பந்தி முடிந்ததும் சமையற்காரன் வாசலில் நின்று, "பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். யாரும் வராவிட்டால்தான் அவன் சோற்றில் கை வைக்கலாம்.

முதல் வருஷம் அவன் குரல் ஆற்றங்கரை வரை கேட்டது. இரண்டாம் வருஷம் தெருமுனையோடு நின்றது. மூன்றாம் வருஷம் வாசற்படியைத் தாண்டவில்லை.

பசிக்கா தின்றான்? துக்கம் வந்தால் தின்றான், சந்தோஷம் வந்தால் தின்றான், ஒன்றுமே வராவிட்டால் அதற்கும் தின்றான். பிறகு வெறும் பானையைப் பார்த்து அழுவான். அந்த அழுகையும் அடுத்த கவளம் வரைக்கும்தான்.

"இந்தப் பசியை எடுத்துக்கோ, இனிமே தொட மாட்டேன்" என்று சாமியிடம் மூன்று முறை சத்தியம் செய்தான். முதல் சத்தியம் மூன்று நாள் நின்றது. அடுத்தது ஒரு நாள். கடைசிச் சத்தியம் கோயிலிலிருந்து அடுக்களைக்கு நடக்கும் தூரம்கூடத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம், சத்திரத்து மதிலோரம் ஒரு வழிப்போக்கன் செத்துக் கிடந்தான். கால் ஓய்ந்து அங்கே சாய்ந்தவன், அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறான். அந்த நேரத்தில் உடையப்பன் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் செத்தவனின் மனைவி பேச்சாயி தேடி வந்தாள். "உடையப்பன் கூப்பிடாம சோத்துல கை வைக்க மாட்டாம்மா. உன் புருஷனுக்கு விதி முடிஞ்சிருச்சு" என்றது ஊர். அவள் ஊரைப் பார்க்கவில்லை, உடையப்பனைத்தான் பார்த்தாள்.

"அய்யா, அன்னைக்குக் கூப்பிட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், ஊரே நம்பிவிடும். உடையப்பன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"வாய்க்குள்ளேயே கூப்பிட்டேன் தாயி. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு கூப்பிட்டேன். நானே திங்கணும்னு கூப்பிட்டேன்."

அடித்துத் துரத்தலாம் என்றார்கள் சிலர். பேச்சாயிதான் தடுத்தாள். "இவரே கூப்பிடட்டும். நான் இந்த மதிலோரமே உட்கார்ந்து கேக்குறேன்."

அங்கேயே தங்கினாள். வீடு வீடாகக் கஞ்சி வாங்கிக் குடித்தாளே தவிர, சத்திரத்துச் சோற்றில் ஒரு பருக்கையைத் தொடவில்லை.

மறுநாள் முதல் உடையப்பன், கூப்பிடுவதற்கு முன் உள்ளதைச் சொன்னான். "இன்னைக்கு அடுப்படியிலேயே மூணு உருண்டை தின்னுட்டேன்." ஊர் சிரித்தது. இன்னொரு நாள், இரண்டு. திடீரென்று ஒரு நாள், ஐந்து. நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னான். சாமியிடமும் சத்தியம் செய்வதை விட்டுவிட்டு, "நான் இப்படித்தான் இருக்கேன், கூடவே இரு" என்று மட்டும் வேண்டினான். ஒளித்துத் தின்றபோது இருந்த ருசி, சொல்லிவிட்டுத் தின்றபோது இல்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள், "இன்னைக்கு ஒண்ணும் தின்னலை" என்று சொல்லிவிட்டு மூன்று முறை கூப்பிட்டான். பேச்சாயி எழுந்து வந்து இலை முன் உட்கார்ந்தாள். பானையில் ஒருவருக்குத்தான் சோறு இருந்தது. வழித்துப் பரிமாறினான்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்க. பசிக்குது, அதான் வந்தேன்."

"தெரியும் தாயி. சாப்பிடு."

அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவன் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்தான். செத்தவன் செத்தவன்தான்.

கேட்டவர்களே, தன் குறையை மறைக்கிறவனை ஆயிரம் சத்தியமும் காப்பாற்றாது, அதை வாய்விட்டுச் சொல்கிறவனுக்கே மீள வழி உண்டு.