இந்தக் குறிப்பு யாருக்கு?

சேலத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி. கோழிப் பண்ணைகளுக்கும் லாரி ஆபீஸ்களுக்கும் ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பெயர் இளமதி. சீடர் காதோரம் நரைத்த ஆள், பெயர் அங்கப்பன். நம்பித்தான் ஆக வேண்டும்.

அங்கப்பன் பாதி ஆயுளை லாரி புக்கிங் ஆபீசில் கழித்தவர். ஒருநாள் என்ன தோன்றியதோ, மாலை வகுப்புக்குப் போய் ப்ரோகிராம் கற்றுக்கொண்டு, இருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். மாமனார் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயம். மாதக் கடைசியில் ஒன்று வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வந்த புதிதில் இளமதியை வேடிக்கைக்குத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். கொஞ்ச நாளில் வேடிக்கை போய்விட்டது, 'குருவே' மட்டும் நிலைத்துவிட்டது.

ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிகளுக்கு நடுவே மனிதர்களுக்காகவும் நாலு வார்த்தை எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பின்னால் வந்து படிக்கிறவருக்கு விளங்கட்டும் என்று எழுதுகிற குறிப்பு அது. கமெண்ட் என்பார்கள்.

அங்கப்பன் எழுதியதை இளமதி பார்த்துத்தான் கம்பெனி ப்ரோகிராமில் சேர்ப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்.

"அங்கப்பண்ணா, இந்தக் குறிப்பு யாருக்கு?"

"படிக்கிறவங்களுக்குங்க குருவே."

"மேல 'விலையை எண்ணிக்கையால் பெருக்குகிறோம்'னு எழுதியிருக்கீங்க. கீழ பெருக்கியிருக்கீங்க. படிக்கிறவருக்குப் பெருக்கல் தெரியாதுங்களா?"

"தெரியும்."

"அப்ப யாருக்கு?"

அங்கப்பன் தலையைச் சொறிவார். அவள் அழித்துவிடுவாள். அழித்த உடனே திரையில் சிவப்பு எரியும்.

அது மேனேஜர் தாமோதரன் வாங்கி மாட்டிய டூல். கொஞ்ச வரிக்கு ஒரு கமெண்ட் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காது. ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். யார் கணக்கில் எவ்வளவு சிவப்பு என்று தாமோதரன் தவறாமல் எடுத்துப் பார்ப்பார். ஆகவே ஆபீசே பச்சைக்காக எழுதியது. பக்கத்து நாற்காலி டார்வின் ஒரு இடத்தில் 'வணக்கம்' என்று எழுதிவைத்தான். இன்னொரு இடத்தில் 'டீ குடிக்கப் போகிறேன்'. கொஞ்சம் கீழே 'வந்துவிட்டேன்'. மூன்றுக்கும் பச்சை.

இளமதியின் பெயருக்கு நேரே மட்டும் எப்போதும் சிவப்பு. அவளை யாரும் கேட்க முடியாது. அவள் எழுந்து போனால் கம்பெனி படுத்துவிடும்.

"உங்களுக்கென்ன குருவே, நீங்க பர்மனென்ட்டு. நான் எப்படிப் பொழைக்கிறது? ஒரு கமெண்ட் எப்ப எழுதணும், எப்ப எழுதக் கூடாது, அதையாச்சும் சொல்லுங்க."

"யாருக்குன்னு தெரிஞ்சா எழுதுங்க."

"அதான் தெரியலையே!"

அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். இப்படி ஒரு குரு வாய்த்தால் சீடனுக்கு முடி நரைக்காமல் என்ன செய்யும்?

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் முட்டை டெப்போ வேலை அங்கப்பனிடம் வந்தது. எந்த லாரியில் எவ்வளவு முட்டை, என்றைக்கு, எந்த ஊருக்கு என்று பதிகிற ப்ரோகிராம். ஞாயிற்றுக்கிழமை லீவு நாள், அன்றைக்கு வண்டி பதிவாகக் கூடாது, சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பதிந்தால் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடு என்றார் தாமோதரன்.

"சார், முட்டை லாரிக்கு ஞாயித்துக்கிழமைதான் சார் முக்கியம். பாலக்காட்டுல திங்கட்கிழமை காலையில கடை திறக்கறப்ப சரக்கு இருக்கணும்."

"லீவுன்னா லீவுதான். அவசரம்னா கீழ ஒரு கட்டம் வையுங்க, டிக் போட்டுக்கட்டும்."

"அந்தக் கட்டம் இருக்கறதை அவங்களுக்கு யார் சொல்றது?"

"அதெல்லாம் ட்ரெயினிங்ல சொல்லிக்கலாம்."

ட்ரெயினிங் நடக்கவே இல்லை. டெப்போவில் வண்டி அனுப்புகிற பொறுப்பில் இருந்த சுலைகா என்ற அம்மாள் வாராவாரம் போன் செய்தார். சனிக்கிழமை பதிந்த லோடு எங்கேயோ போய்விடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கிறது, வெயிலில் முட்டை கெடுகிறது என்றார். 'பார்க்கிறோம்' என்றார்கள். அடுத்த வாரமும் 'பார்க்கிறோம்'. கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் கஸ்டமரிடம் மேனேஜரைத் தவிர யாரும் பேசக் கூடாது என்று ஆபீசில் கண்டிப்பு. மேனேஜரோ, அந்தம்மா தப்பாகப் பதிகிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

லாரி ஆபீசில் வேகாத வெயிலில் லோடு ஏற்றிப் பழகிய மனிதருக்கு இது பொறுக்குமா? ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், அந்தம்மாவிடம் சொல்ல முடியாததை அந்த ஞாயிற்றுக்கிழமை வரிக்கு மேலே அங்கப்பன் ஒரு குறிப்பாக எழுதிவைத்தார். கம்ப்யூட்டர் படிக்காது, படித்தால் இளமதிதான் படிப்பாள், அவளும் எப்படியும் அழித்துவிடுவாள் என்ற தைரியம்தான்.

இளமதி படித்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. அப்படியே சேர்த்துவிட்டாள்.

அங்கப்பன் அதை மறந்தும் போனார்.

ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம். தாமோதரன் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து கைதட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே யாரும் கஸ்டமருக்கு மேனுவல் எழுத வேண்டாம். புது டூல் ஒண்ணு போட்டிருக்கேன். நாம எழுதின கமெண்ட்டை எல்லாம் அதுவே பொறுக்கி, உதவிப் பக்கமாக் கட்டி, கஸ்டமருக்கு அனுப்பிடும். நாமக்கல்லுக்கு இன்னிக்குக் காலையிலேயே போயிடுச்சு!"

டார்வின், "என்னது, கமெண்ட்டையா?" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

அங்கப்பன் திறந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடினார். நேராக இளமதியிடம் ஓடினார்.

"குருவே, போனதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாதுங்கண்ணா."

"நான் எழுதினதை இப்பவே அழிச்சிடறேன்."

"இங்க அழிச்சா அங்க அழியாது."

"ஒரு மன்னிப்புக் கடிதாசி எழுதிடட்டுமா? அந்தம்மாவுக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணு. அவர் படிக்கறதுக்குள்ள நானே கொடுத்துட்டா..."

"உட்காருங்க."

உட்கார்ந்தார்.

இளமதி நாமக்கல்லுக்குப் போன அந்த உதவிப் பக்கத்தைத் திரையில் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்கதான் சுலைகா அக்கா. நாளைக்கு உங்க வண்டி சும்மா நிக்கப் போகுது. படிங்க."

"குருவே, இப்பப் போயி..."

"சத்தமாப் படிங்க."

அங்கப்பன் படித்தார். "இங்கே முட்டையை எண்ணுகிறோம்."

"ம்."

"வணக்கம்."

"ம்."

"டீ குடிக்கப் போகிறேன். வந்துவிட்டேன்." அவருக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. "இது தேதி. இது ஊர் பெயர். இது இன்னொரு தேதி. இங்கே ஏதோ செய்கிறோம்." பக்கம் பக்கமாகப் போயிற்று. ஒரு இடத்தில் குரல் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அடுத்தது என்னோடது."

"அக்காவுக்கு அது தெரியாது. படிங்க."

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை மதியத்துக்கு மேலே பதிந்தால் இது லோடைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடும். ஞாயிறு வண்டி வேண்டுமென்றால் கீழே 'அவசரம்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், போகும். இப்படி வைக்காதீர்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? மேலே உட்கார்ந்திருக்கிற புண்ணியவானுக்கு முட்டையைக் கோழி போடுகிறதா கம்ப்யூட்டர் போடுகிறதா என்றே தெரியாது. டிக் போட மறந்துவிடாதீர்கள், சாமி, புண்ணியமாய்ப் போகும்."

படித்து முடித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு. வீட்டுல என்ன சொல்லுவேன்?"

இளமதி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அப்போதுதான் தாமோதரனின் அறையில் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் போனைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "நாமக்கல் டெப்போ. எல்லாரும் கேக்கற மாதிரி போடச் சொல்றாங்க," என்று ஸ்பீக்கரை அமுக்கினார்.

"ஏங்க, கேக்குதுங்களா?" சுலைகாவின் குரல் ஆபீசையே நிறைத்தது. "நீங்க அனுப்பிச்ச பக்கத்தை இத்தனை நேரம் படிச்சேன். ஒருத்தர் டீ குடிக்கப் போயிட்டு வந்திருக்கார், சந்தோஷம். அந்த ஞாயித்துக்கிழமை சமாச்சாரம் எழுதினது யாருங்க?"

டார்வின் தரையைப் பார்த்தான். அங்கப்பன் எழுந்தார். எழுந்த பிறகுதான், எழுந்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"நான்தானுங்க. அங்கப்பன். மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு மன்னிப்பு? இப்பத்தான் டிக் போட்டேன். ஞாயித்துக்கிழமைன்னு காட்டுதுங்க! பாலக்காட்டு வண்டி நாளைக்குக் கெளம்புது! எத்தனை வாரமா மண்டைய உடைச்சுக்கிறோம். உங்க ஆபீசுக்கு முழுக்குப் போட்டுட்டு வேற எடத்துல வாங்கலாம்னு மொதலாளி முடிவே பண்ணிட்டார். நல்ல வேளை, மனுசன் மாதிரி ஒருத்தர் எழுதி வச்சிருந்தீங்க."

அங்கப்பன் 'சரிங்க' என்று மட்டும் சொன்னார்.

"அது சரி," என்றார் சுலைகா. "அந்தப் புண்ணியவான் யாருங்க?"

தாமோதரன் போனைப் பார்த்தார், அங்கப்பனைப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தாங்க," என்றார்.

அந்தப் பக்கம் சுலைகா சிரித்தார். சாதாரணச் சிரிப்பா அது? போனே குலுங்கியது. முதலில் டார்வின் சிரித்தான், பிறகு ஆபீசே சிரித்தது, கடைசியில் வேறு வழியில்லாமல் தாமோதரனும் சிரித்துவிட்டார்.

போனை வைத்த பிறகு அவர் அங்கப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனுங்க சார்."

தாமோதரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஆமா. சொன்னீங்க," என்றார். "அந்த ஞாயித்துக்கிழமை ரூலைத் தூக்கிடுங்க. திங்கட்கிழமை வந்து உங்க ஆர்டரை வாங்கிக்கங்க. பர்மனென்ட் ஆர்டர்."

அப்பாடா! அங்கப்பன் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஆறிப்போன எலுமிச்சைச் சோறுதான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, டார்வினின் பாக்ஸிலிருந்து ஒரு வடையையும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை, பிறகு அழுதாள், பிறகு அந்தப் புண்ணியவான் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக ஞாயிற்றுக்கிழமை ரூலைத் தூக்கினார். 'அவசரம்' கட்டத்தையும் எடுத்தார். குறிப்பின் மேல் வந்ததும் கை தயங்கியது. தன்னைக் காப்பாற்றிய குறிப்பாயிற்றே. ஆனாலும் அதற்குக் கீழே இப்போது ஒன்றுமே இல்லை. அழித்தார்.

அழித்த உடனே திரையில் சிவப்பு எரிந்தது.

இளமதி வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். "நல்லா இருக்குங்கண்ணா," என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"சிவப்பு காட்டுதே குருவே. குறிப்பை எடுத்துட்டேன். அங்க ஏதாச்சும் சொல்லியாகணுமில்ல?"

"சொல்லித்தான் ஆகணும்."

"என்ன எழுதட்டும்?"

இளமதி கண்ணாடி அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. மேசை ஓரத்தில் இருந்த போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இனிமே டிக் போட வேண்டாம்னு சுலைகா அக்காகிட்டச் சொல்லுங்க. பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க."