முதுகில் வீடு, நிழலில் இடம்

ஏரியின் கீழ்க்கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் நிழல் அகலமானது, குளிர்ச்சியானது. போதாததற்கு மத்தியானக் காற்றில் பழம் வேறு உதிரும். அந்த மரத்தடியில்தான் கீரியும் முள்ளம்பன்றியும் உடும்பும் வளை தோண்டிக் குடியிருந்தன.

கோடையில் வளைக்குள் இருக்க முடியாது, அவ்வளவு புழுக்கம். வெளியே வந்து நிழலில் படுக்கலாம் என்றால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. எங்கிருந்தோ வந்த எருமைகளும் மான்களும் காலை நீட்டிப் படுத்திருக்கும். கேட்டால், நிழலை யார் உனக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். கீரிக்கு அப்போதுதான் பிறந்த குட்டிகள் இருந்தன. அவற்றை வாயில் கவ்விக்கொண்டு அது இடம் தேடி அலைந்ததைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

கடைசியில் கீழ்க்கரைக் குடித்தனங்கள் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தன. உச்சி வேளை தொடங்கி வெயில் சாயும்வரை நாவல் மர நிழல், கீழ்க்கரையில் வீடு உள்ளவர்களுக்கு மட்டும். அடையாளமாக முதுகில் ஒரு செம்மண் பொட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு விருந்தாளி வரலாம். விருந்தாளியின் முதுகில் ஒரு நாவல் இலை இருக்க வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு யாரும் வரலாம், படுக்கலாம், புரளலாம். காவலுக்குக் கரிச்சான் குருவியைப் போட்டன.

கரிச்சானைப் பார்த்திருப்பீர்கள். கன்னங்கரேலென்று கைப்பிடி அளவு உடம்பு, பிளந்த வால், யானை அளவு கோபம். பருந்தையே துரத்திப் போய் முதுகில் கொத்துகிற பிறவி அது. முதல் நாளே ஓர் எருமையின் மூக்கில் உட்கார்ந்து கொத்திய கொத்தில், அத்தனை எருமைகளும் ஏரிச் சேற்றைத் தேடிப் போயின. மான்கள் மூங்கில் புதரே தேவலை என்று முடிவு செய்தன.

இந்தக் கட்டுப்பாடு பிடிக்காத ஜீவன் ஒன்று உண்டு. அது மேல்கரையில் இருந்த நட்சத்திர ஆமை. எதையும் மெதுவாகச் செய்ததால் சாவகாசம் என்று அதற்குப் பெயர். மேல்கரையில் அதற்கு இளம்புல் உண்டு, நிம்மதி உண்டு. நிழல்தான் கிடையாது. இருந்த ஒரே காரைப் புதரும் சல்லடை மாதிரி வெயிலை அப்படியே கீழே விட்டது. மத்தியானம் ஆனால் சாவகாசத்தின் முதுகு தோசைக்கல்லாகச் சுடும். தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று சத்தம் வரும் என்று அதுவே சொல்லிக்கொள்ளும்.

கரிச்சான் அதனிடம் நியாயமாகத்தான் பேசியது. அந்த வேர்ப் பக்கம் ஒரு குழி பறித்துக்கொண்டு இங்கேயே குடி வந்துவிடு, அன்றைக்கே பொட்டு வைக்கிறேன் என்றது. சாவகாசம் யோசித்தது. குழி பறிப்பதா? மேல்கரைப் புல்லை விடுவதா? சாப்பாடு அங்கே, தூக்கம் இங்கே என்று இருப்பதில் உள்ள சுகத்தை யார் விடுவார்கள்?

அதனால் முதலில் கீரியைப் பிடித்தது. "அக்கா, ஒரே ஒரு நாள் உங்க வீட்டு விருந்தாளியா இருந்துக்கறேன்" என்று குழைந்தது. கீரிக்கு இளகிய மனசு. முதுகில் ஒரு நாவல் இலையை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் சாவகாசம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இலை காய்ந்தால் புது இலையை அதுவே கேட்டு வாங்கிக்கொண்டது. குட்டிகள் அதை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தன. கடைக்குட்டி அதன் ஓட்டில் சாய்ந்தால்தான் தூங்குவேன் என்று அடம் பிடித்தது.

ஒரு நாள் கீரியின் சொந்தத் தங்கை, குட்டிகளைப் பார்க்கக் காடு கடந்து வந்தது. வீட்டுக்கு ஒரு விருந்தாளிதான் என்று கரிச்சான் அதை வெயிலிலேயே நிறுத்திவிட்டது. தங்கச்சி வெயிலில், ஆமை நிழலில். கீரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் முகத்தைப் பார்த்த கரிச்சான் பறந்து வந்து இலையைக் கொத்தித் தூக்கிப் போட்டது.

"தினம் வர்றவன் விருந்தாளி இல்ல. கிளம்பு."

சாவகாசம் கிளம்பியது. ஆனால் விடவில்லை. அன்று முழுக்க ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு யோசித்தது. அப்படி யோசிக்கும்போதுதான் அதற்கு அந்த அற்புதமான எண்ணம் வந்தது. மறுநாள் உச்சி வேளையில், இலையும் இல்லாமல் பொட்டும் இல்லாமல், நிழலின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

"பொட்டு எங்க?" என்றது கரிச்சான்.

"நீங்கதான் இன்னும் வைக்கலையே அண்ணே."

"வீடு இருக்கிறவங்களுக்குத்தான் பொட்டு."

சாவகாசம் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இப்ப நான் எங்க இருக்கேன்?"

"ஓட்டுக்குள்ள."

"ஓடு எங்க இருக்கு?"

"நாவல் மரத்தடியில."

"அப்போ என் வீடு எந்தக் கரையில இருக்கு, நீங்களே சொல்லுங்க."

கரிச்சான் கட்டுப்பாட்டை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. கீழ்க்கரையில் வீடு இருக்க வேண்டும் என்றுதான் கட்டுப்பாடு. வீடு இதோ இருக்கிறது. எப்போதிலிருந்து இருக்க வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று யாரும் பேசவே இல்லை. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, இது அழுகுணி ஆட்டம் என்று கத்தியது. கரிச்சானுக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது. ஆனால் விதியை விதிப்படி நடத்துகிற குருவி அது. செம்மண்ணைத் தொட்டு ஆமையின் முதுகில் ஒரு பொட்டு வைத்தது. கொஞ்சம் அழுத்தியே வைத்தது.

அன்று சாயங்காலம் சாவகாசம் மேல்கரைக்குத் திரும்பியபோது அதற்குத் தலைகால் புரியவில்லை. சாதித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போல இருந்தது. ஏரி வற்றிப்போனதால் காய்ந்த கோரைத் தண்டுகளில் நத்தைகள் ஒட்டிக்கொண்டு ஈரத்துக்கு ஏங்கிக்கிடந்தன. அவற்றைக் கூப்பிட்டு வைத்து முழுக் கதையையும் சொன்னது. முதுகைத் திருப்பிப் பொட்டையும் காட்டியது.

முன்னால் இருந்த நத்தை கொம்பை நீட்டிப் பணிவாகக் கேட்டது. "வீடு முதுகுல இருந்தா போதுமா மாமா?"

"போதும். அதைச் சொல்றதுக்கு மூளையும் வேணும்" என்று சொல்லிவிட்டு சாவகாசம் தூங்கப் போய்விட்டது.

நத்தைகள் தூங்கவில்லை. அப்போதே கிளம்பிவிட்டன.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். சாவகாசம் வழக்கம்போல ஆடி அசைந்து நாவல் மரத்துக்கு வந்தது. வந்து பார்த்தால் தரையே தெரியவில்லை. வேர் மேல் நத்தை, வேருக்கு நடுவில் நத்தை, சருகுக்கு மேலும் கீழும் நத்தை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு செம்மண் பொட்டு. கரிச்சான் ஒரு கிளையில் துவண்டு உட்கார்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து பொட்டு வைத்து வைத்து அதன் அலகு முழுக்கச் சிவந்துபோயிருந்தது.

"கொஞ்சம் நகருங்கப்பா" என்றது சாவகாசம்.

"வாங்க மாமா, வாங்க. எல்லாம் உங்களால வந்த வாழ்வு" என்று நத்தைகள் வாயாரச் சொல்லின. "தாராளமா நகர்றோம். பொழுது சாயறதுக்குள்ள உங்களுக்கு இடம் பண்ணிடலாம்."

சாவகாசத்தின் முதுகு சுட ஆரம்பித்துவிட்டது. அது அண்ணாந்து பார்த்துக் கரிச்சானிடம் முறையிட்டது. எனக்குப் பொட்டு இருக்கிறதே, என் இடம் எங்கே என்று கேட்டது.

"பொட்டு இருந்தா உள்ள வரலாம்" என்றது கரிச்சான். "உள்ள இடம் இருக்கும்னு நான் எப்போ சொன்னேன்?"

சாவகாசம் அங்குமிங்கும் பார்த்தது. முள்ளம்பன்றி வெயிலில் நின்றது. உடும்பு வெயிலில் நின்றது. கீரி வளை வாசலில் நின்றுகொண்டு வாலால் குட்டிகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. கடைக்குட்டி நாக்கை வெளியே போட்டு மூச்சு வாங்கிக்கொண்டே ஆமையைப் பார்த்து, மாமா வந்தாச்சு என்று எழுந்திருக்கப் பார்த்தது. முடியாமல் படுத்துவிட்டது.

சாவகாசத்துக்கு வெட்கமாக இருந்தது. தன் முதுகு சுட்டதைவிட அந்தப் பார்வை அதிகம் சுட்டது.

"கரிச்சான் அண்ணே, முதுகுல இருக்கிறது வீடு இல்ல."

கரிச்சான் தலையைச் சாய்த்தது. "அன்னைக்கு வீடுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அப்போ வீடுன்னா எது? அதையும் நீயே சொல்லிடு. எல்லாரும் கேக்கட்டும்."

சாவகாசம் கீரியின் வளையைப் பார்த்தது. காலையில் கீரி இரை தேடிப் போகும்போது அந்த வளை குட்டிகளை வைத்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தது.

"நான் கிளம்பிப் போனாலும் எது என்கூடக் கிளம்பாம இங்கேயே இருக்கோ, அதுதான் வீடு" என்றது மெல்லிய குரலில்.

நத்தைகளின் கொம்புகள் தொங்கிப்போயின. கரிச்சானுக்கு மட்டும் எங்கிருந்துதான் உயிர் வந்ததோ! விர்ரென்று பாய்ந்து இறங்கி, முதல் காரியமாகச் சாவகாசத்தின் முதுகில் இருந்த பொட்டைக் கொத்திச் சுரண்டி எடுத்தது. அதற்குப் பிறகுதான் நத்தைகளின் பக்கம் திரும்பியது.

நத்தைகள் கிளம்பின. கிளம்பின என்றால் கிளம்ப ஆரம்பித்தன. அவை ஒவ்வொன்றாக வளைந்து திரும்பி நகரும்வரை சாவகாசம் கீரியின் வளை வாசலில் போய் நின்றுகொண்டது. அதன் ஓட்டின் நிழல் கடைக்குட்டி மேல் விழுந்தது. நிழலும் கொஞ்சம்தான், குட்டியும் கொஞ்சம்தான், சரியாக இருந்தது.

கடைசி நத்தை நிழலைத் தாண்டியபோது வெயில் சாய்ந்துவிட்டது. வெயில் சாய்ந்தால்தான் நிழல் எல்லோருக்கும் பொதுவாயிற்றே! எருமைகள் சாவகாசமாக வந்து படுத்துக்கொண்டன.

ஆமை மேல்கரையைப் பார்த்து நடந்தது. பின்னால் நத்தைப் பட்டாளம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஊர்வலத்தில் அது எல்லோருக்கும் முன்னால் போனது. அந்தப் பெருமையை அனுபவிக்கத்தான் முடியவில்லை. வழி முழுக்கப் பின்னாலிருந்து ஒரே கேள்வி வந்துகொண்டிருந்தது.

"வேற யோசனை ஏதாவது இருக்கா மாமா?"

விதியில் தனக்கென்று ஒரு பொத்தல் போட்டுக்கொள்கிறவர், அதே பொத்தல் வழியாக ஊரே உள்ளே வந்து தன்னையும் வெளியே தள்ளிவிடும் என்பதை மறக்கக் கூடாது.