சிலந்தி நூலின் நடுக்கம்

எஸ்தர் சிலந்தி நூலில் செய்த ஒலி உணரியைச் சோதிக்க ஆய்வக இயக்குநர் கனகசபாபதி வந்தார். சத்தம் கேட்டால் திரையில் கோடு துள்ளும். வாசலில் மூங்கில் தட்டில் ஊழியர்களின் செல்போன்கள் கிடந்தன. அவர் போட்ட விதி அது. கருவி தேறாவிட்டால் எஸ்தருக்கு அன்றோடு வேலை இல்லை.

"ஒருத்தரும் பேசக் கூடாது. இப்போ கோடு அசையாம நிக்கணும்," என்றார் அவர்.

அறை அடங்கியது. அவர் கருவியருகே வந்து குனிந்தார். கோடு துள்ளியது.

"இல்லாத சத்தம் இதுக்கு மட்டும் கேக்குதாம்மா? பூச்சியை நம்பினா இப்படித்தான்."

எஸ்தர் திரையைப் பார்த்தாள். துள்ளல் எப்போது தொடங்கியது என்று யோசித்தாள்.

"அதுவும் என்னை மாதிரிதான் சார். நீங்க கிட்ட வந்தா நடுங்குது."

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். அவர் முறைத்தபடி கதவு வரை போனார். கோடு அடங்கியது. திரும்பி வந்தார். துள்ளியது.

"என்ன விளையாட்டு இது?"

"உங்க சட்டைப் பையைப் பாருங்க சார்."

பைக்குள் அவருடைய செல்போன் சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் மூங்கில் தட்டை எடுத்து வந்து நீட்டினாள். அவர் செல்போனை அணைத்து அதில் போட்டார். தட்டைப் பிடித்திருந்த அவள் கை இன்னும் நடுங்கியது. திரையில் கோடு அசையாமல் நின்றது.