பந்துக்கு அடியில்

மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானம். ஏழாவது குழியருகே பிலோமினா குந்தி உட்கார்ந்து புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இங்கே ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கியவள். முப்பத்தாறு வயதில் இப்போது ஆட்டம் சொல்லித்தருகிறாள். எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

டாக்டர் வேதமாணிக்கம் தன் கையால் எழுதிய ஒரு கடிதத்தோடு விறுவிறுவென்று வந்தார். அறுபது வயது. பெயர் பெற்ற கண் மருத்துவர். ஆறு மாதமாக அவளிடம் பாடம் கேட்பவர்.

“கையெழுத்து போடுங்க மாஸ்டர். அஞ்சு மணிக்குக் கிளப் கமிட்டி கூடுது.”

படித்தாள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில், டாக்டருக்குப் பை தூக்கும் போஜன் காட்டிய திசை தவறு. ஏழாவது குழிக்கு நான்கடி தூரத்திலிருந்த பந்து உள்ளே விழவில்லை. கோப்பை போனது. போஜனுக்கு வலது கண்ணில் புரை. இனி அவனை உள்ளே விடக்கூடாது.

“புரை இருக்குன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?”

“கமிட்டிக்கு எழுதியிருக்கேனே!”

“அவன்கிட்ட?”

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

“இருபது வருஷமா செருப்பைக் கழட்டிட்டு, காலாலதான் சரிவு பார்க்கிறான். கண்ணால இல்ல. அது தெரியுமா?”

“காலால பார்க்கிறானாம்! நான் என்னென்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? மணி கோத்த கயிறு, மின்னுற விளக்கு, மஞ்சக் கண்ணாடி. தினம் ஒரு மணி நேரம் கண்ணுக்குப் பயிற்சி. என் பார்வையில ஒரு குறையும் கிடையாது. நானே சோதிச்சுப் பார்த்தேன்!”

“நீங்களே சோதிச்சீங்க. நீங்களே பாஸ் போட்டீங்க.”

“கிண்டல் வேண்டாம். கண்ணுக்கு வேற என்ன பயிற்சி இருக்கு? அதைச் சொல்லுங்க, கேக்கிறேன்.”

பிலோமினா கடிதத்திலிருந்து நகமளவு ஒரு துண்டைக் கிழித்தாள்.

“என்ன பண்றீங்க!”

“பயிற்சி. அந்தப் பக்கம் திரும்புங்க.”

அதே நான்கடி. துண்டைப் புல்லில் வைத்து, அதன்மேல் பந்தை வைத்தாள். “போஜன் அன்னைக்கு என்ன சொன்னான்?”

“இடது பக்கம் ஒரு கை அகலம்.”

“அங்கேயே அடிங்க. அடிச்சதும், பந்துக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு சொல்லணும்.”

அடித்தார். பந்து நகர்ந்ததும் அவள் உள்ளங்கை துண்டை மூடிக்கொண்டது.

“என்ன எழுதியிருந்தது?”

“பார்க்கல. பந்து எங்க போகுதுன்னு பார்த்தேன்.”

“எங்க போச்சு?”

“வலது பக்கம்.”

“போஜன் இங்க இல்லையே, டாக்டர்.”

அவர் முகம் சிவந்தது. மறுபடி அடித்தார். மறுபடி வலது. மட்டை பந்தில் படும் முன்னாலேயே அவர் தலை நிமிர்ந்துவிட்டது.

“அடிச்ச பந்தைப் பார்க்காம வேற எதைப் பார்க்கிறது? இது என்ன கூத்து!”

“அதைப் பார்க்கத்தான் அவன் நின்னான். உங்க வேலை இங்கே.” புல்லை விரலால் தட்டினாள். “இதை ஒரு தடவைகூடப் பார்க்காம, அவன் பார்வை சரியில்லன்னு எழுத எப்படிக் கை வந்தது?”

அவள் குரல் உயரவில்லை. பந்தை மறுபடி துண்டின்மேல் வைத்தாள்.

ஐந்தாவது. எட்டாவது. ஒவ்வொரு தடவையும் தலை நிமிர்ந்தது, உள்ளங்கை மூடியது. கிளப் கட்டடத்தின் முன்னால் கமிட்டிக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

“கடைசியா ஒண்ணு,” என்றார் டாக்டர். குரலில் அந்த விறைப்பு இல்லை.

அடித்தார். தலை அசையவில்லை. பந்து இருந்த இடத்தில் துண்டு வெள்ளையாகக் கிடந்தது. இந்தத் தடவை பிலோமினா கையை நீட்டவில்லை.

குழிக்குள் பந்து விழுந்த சத்தம் கேட்டது.

டாக்டர் நிமிரவில்லை.

“என்ன எழுதியிருக்கு?”

“போஜன்.” இன்னொரு தடவை படித்தார். “என் கையெழுத்துதான்.”

குனிந்த தலையோடு கேட்டார்.

“எவ்வளவு நேரம் இப்படிக் கீழேயே பார்த்துக்கிட்டு நிக்கணும், மாஸ்டர்?”

“போஜன் கிளப் கேட்டுக்கு வெளியில உட்கார்ந்திருக்கான். அவன் உள்ள வந்து, அந்தப் பந்தை எடுத்து உங்க கையில குடுக்கிற வரைக்கும்.”