சடையனின் மூன்றாம் பாத்தி

எந்தக் காலம், எந்த நாடு என்று குறுக்கே கேட்காமல் இருந்தால் சொல்கிறேன். மேகம் வாசலுக்கு வந்து போகிற உயரத்தில் ஒரு மலைநாடு இருந்தது. அதை நீலம்மை என்றொரு ராணி ஆண்டாள். அவள் மலையில் நெல் விளையாது, கரும்பு விளையாது, வாழை விளையாது. தரையோடு தரையாகப் படரும் செம்பழச் செடி ஒன்றுதான் விளையும். பழம் சுண்டுவிரல் நுனி அளவு. அந்தப் பழத்தைக் கொடுத்துத்தான் மலைக்காரர்கள் கீழ்நாட்டு அரிசியை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்த மலைக்கு ஒரு நாள் கீழ்நாட்டிலிருந்து சடையனும் அவன் மனைவி பொம்மியும் ஏறி வந்தார்கள். கீழே மூன்று வருஷமாக மழை இல்லை. கிணறு வற்றியது, மாடு செத்தது, போன வருஷம் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பொம்மி இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள்.

ராணி அவர்களுக்குப் பன்னிரண்டு செடி கொடுத்தாள். பாத்திக்கு நாலாக மூன்று பாத்தியில் நடச் சொன்னாள்.

“பங்குனி பிறந்த அன்னிக்கு நான் வருவேன். மூணு செடி உயிரோட இருந்தாப் போதும். அதுல கொடி விட்டுத் தோட்டமே உண்டாக்கிடலாம். நிலம் உங்களுது. இல்லேன்னா கீழ இறங்கிடணும், சடையா. இங்க இருக்கற சோறு இருக்கற வாய்க்கே பத்தலை” என்றாள். கொடுமைக்காரி இல்லை அவள். ஏறி வந்த எல்லாருக்கும் அதே சட்டம்தான்.

உறைபனியிலிருந்து செடியைக் காக்க மலைக்காரர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். கார்த்திகையில் ஊசியிலை மரத்தடிக்குக் கூடையோடு போவார்கள். பழுத்து உதிர்ந்து கிடக்கும் சருகை அள்ளி வந்து, செடியே தெரியாதபடி ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போடுவார்கள். போட்ட பிறகு பங்குனி வரைக்கும் அதைப் பிரிக்க மாட்டார்கள். காற்று கலைத்தால் மேலே இன்னும் போடலாம். எடுக்க மட்டும் கூடாது.

சடையனும் அப்படியே மூடினான். மூடிவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் சோம்பேறியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நல்ல விவசாயி, அதுதான் வினை. கீழ்நாட்டில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் வரப்பில் நடந்து, ஒவ்வொரு நாற்றாகப் பார்த்து வளர்த்த ஆள். பயிரை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவனுக்குப் பயிரைப் புதைத்த மாதிரி இருந்தது.

பத்தாம் நாள் தூறல் போட்டது. ஈர வைக்கோல் போர் உள்ளுக்குள் புழுங்கி அழுகுவதை அவன் பார்த்திருக்கிறான். ‘இதுவும் அழுகிவிட்டால்?’ என்று நினைத்தான். ஓடிப்போய் முதல் பாத்தியின் சருகை வாரி வெயிலில் உலர்த்தினான். சருகு அழுகவில்லை, செடியும் பச்சையாக இருந்தது. நன்றாகக் காயட்டும், நாளைக்குப் போடலாம் என்று வந்துவிட்டான். விடியும்போது பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. நாலு செடியும் கறுத்துப் போயின.

பொம்மி பார்த்தாள். “சருகு அழுகுதுன்னுதான் எடுத்தேன்” என்றான் சடையன்.

இருபதாம் நாள் வேறு நினைப்பு வந்தது. கீழ்நாட்டில் புளியமரத்தடியில் புல் முளைக்காது. அந்த ஊசியிலை மரத்தடியிலும் புல் இல்லையே! ‘இந்தச் சருகு மண்ணைப் புளிக்க வைத்துவிட்டால்?’ ஊரெல்லாம் அதைத்தான் போடுகிறது என்பது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை. ‘மண்ணு புளிக்குது’ என்று பொம்மியிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் பாத்தியில் செடிக்குச் செடி சருகை ஒதுக்கி, தூரைச் சுற்றி மண் தெரிகிற மாதிரி வைத்தான். மறுநாள் விடியலில் அந்த நாலும் போயின.

இனி இருப்பது ஒரு பாத்தி. நாலே செடி.

அதற்குப் பிறகு சடையன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கும்பிடப் போனால் சாமி தெரியவில்லை, சருகுதான் தெரிந்தது. பொம்மியின் வயிற்றைப் பார்த்தால் கீழ்நாட்டுக் காய்ந்த கிணறு ஞாபகம் வந்தது. முப்பதாம் நாள் காலையில், கால் தானாக நடக்க, மூன்றாம் பாத்தியின் முன்னே போய் உட்கார்ந்தான். கை சருகின் மேல் இருந்தது.

பின்னாலேயே பொம்மி வந்து நின்றாள்.

“மொதத் தடவை அழுகுதுன்னு சொன்னீங்க. ரெண்டாந்தடவை புளிக்குதுன்னு சொன்னீங்க. இப்ப என்ன சொல்லப் போறீங்க?”

சடையன் யோசித்தான்.

“பயமா இருக்கு, பொம்மி” என்றான். இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

“எனக்கும்தான் பயமா இருக்கு” என்றாள் அவள். “நீங்க ராத்திரி பொரண்டு பொரண்டு படுக்கறது எனக்குத் தெரியாதா? நான் தூங்கினாத்தானே. ரெண்டு பேரும் பயந்துகிட்டே இருப்போம். கையை மட்டும் எடுங்க.”

சடையன் கையை எடுத்தான்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், கூடவேதான் இருந்தது. தையில் ஒரு முறை காற்று வந்து சருகைக் கலைத்தது. உள்ளே எட்டிப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேலே ஒரு கூடை போட்டான். காக்கை வந்து கிளறியது. விரட்டிவிட்டு இன்னொரு கூடை போட்டான். மாசியில், பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனுடைய செடி மூடாக்குக்குள்ளேயே செத்துவிட்டதாகப் பேச்சு வந்தது. அன்றைக்கு அவன் கூடையோடு ஓடின ஓட்டத்தில் பாதிச் சருகு வழியிலேயே கொட்டியது. ஆனாலும் மூன்றாவது கூடையையும் மேலேதான் போட்டான்.

பங்குனி பிறந்தது. சொன்னபடி ராணி வந்தாள்.

“பிரிடா பார்க்கலாம்” என்றாள்.

சடையனுக்குக் கை எழவில்லை. தொடாதே என்ற நாளெல்லாம் துடித்த கை, இப்போது தொடு என்றால் மரத்துக் கிடந்தது. “முடியலை, ராணியம்மா” என்றான்.

பொம்மிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து முதல் செடியின் மேலிருந்த சருகை விலக்கினாள். செடி கறுத்திருந்தது. சடையன் கண்ணை மூடிக்கொண்டான். இனி மூன்றில் ஒன்று போனாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

“ரெண்டாவது பச்சை” என்றாள் பொம்மி.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

“மூணாவது பச்சை.”

நாலாவது செடியின் மேலிருந்த சருகு சரசரத்தது. பிறகு பொம்மி அழுவது கேட்டது. சடையன் பதறிக் கண்ணைத் திறந்தான். நாலாவது செடியின் நடுவில், விரியாத புதுத் துளிர் ஒன்று ஈரமாக நின்றது.

ராணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து மற்ற இரண்டு பாத்திகளைப் பார்த்தாள்.

“அங்க என்ன ஆச்சு? பனியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பனி வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் தொறந்து பார்த்தேன், ராணியம்மா.”

“இந்தப் பாத்தியை?”

“பார்க்கலை.”

ராணி சிரிக்கவில்லை. “நிலம் உங்களுது. பிள்ளையை இங்கேயே பெத்துக்கோ” என்று பொம்மியிடம் சொல்லிவிட்டு அடுத்த சரிவுக்கு நடந்தாள்.

கேட்டவர்களே, பயம் எல்லாருக்கும் வரும், ஆனால் பயத்தின் பேச்சைக் கேட்டுக் கை வைக்கிறவன், தான் காக்க நினைத்ததைத் தானே அழித்துவிடுவான்.