முப்பதுக்கு ஆறு

மந்திரமூர்த்தி சிறைக்கு வந்தபோது அவனுக்கு வயது முப்பது. மகள் செண்பகாவுக்கு ஆறு. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிக் கொன்ற வழக்கு. ஆயுள் தண்டனை.

மனைவி மாதம் தவறாமல் மனுப் போட்டு வந்து பார்த்தாள். "பிள்ளைய மட்டும் இங்க கூட்டியாந்திராத" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அவள் பிள்ளையின் பேச்சை எடுத்தாலும் நிறுத்திவிடுவான். விடுப்பில் ஊருக்குப் போகவும் இல்லை. போனால் மறுபடியும் வெட்டு விழும் என்று பயந்தான். பத்து வருடம் அப்படியே போயிற்று.

நாற்பது வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத ஆசை வந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் செலின் டீச்சர் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு இருபத்தேழு வயதிருக்கும். குரலை உயர்த்த மாட்டாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லவும் மாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விகிதம் நடத்தினாள். மந்திரமூர்த்திக்குச் சிறை பேக்கரியில் வேலை. அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாள்.

"பன்னுக்கு மாவும் சர்க்கரையும் எப்படிப் போடுவீங்க அண்ணாச்சி?"

"அஞ்சு படி மாவுக்கு ஒரு படி சர்க்கரை."

"பத்துப் படிக்கு?"

"ரெண்டு."

கட்டம் போட்ட தாளில் கிடையாக மாவு, செங்குத்தாகச் சர்க்கரை. ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு இரண்டு, பதினைந்துக்கு மூன்று என்று புள்ளி வைக்கச் சொன்னாள். ஸ்கேலை வைத்ததும் எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் நின்றன. கோடு மூலையில் இருந்த சுழியத்தில் போய் முட்டியது.

"மாவு இல்லன்னா சர்க்கரைக்கும் வேலை இல்லல்லா" என்றான் அவன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வரும்போது ஆளுக்கு ஒரு விகிதம் கொண்டு வாங்க. உங்க சொந்த விகிதம்" என்றாள் டீச்சர்.

இடையில் புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது. செண்பகா தன் கையால் எழுதியிருந்தாள். 'அப்பா, அம்மாகூட நானும் வாறேன். வரலாமா? பதில் போடுங்க.' அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். மந்திரமூர்த்தி மட்டும் உட்கார்ந்திருந்தான். கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"வர வேண்டாம்னு எழுதணும் டீச்சர். எனக்குக் கை ஓட மாட்டேங்குது. நீங்க எழுதித் தாங்க."

"பார்க்க ஆசை இல்லையா?"

"தினம் பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன். கண்ணை மூடுனா வந்து நிக்கா. ரெட்டைச் சடை, ஊதா ரிப்பன். அது கலைஞ்சிரக் கூடாது."

டீச்சர் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"வீட்டுக்கணக்கு எங்கே?"

தாளை விரித்துக் காட்டினான். கிடையாக அவன் வயது, செங்குத்தாக மகள் வயது. முப்பதுக்கு ஆறு என்று ஒரு புள்ளி. அதிலிருந்து சுழியத்துக்கு நேர்கோடு. மேலேயும் நீட்டியிருந்தான்.

"அஞ்சுக்கு ஒண்ணு. நம்ம பன் மாதிரியே வந்துட்டு" என்றான். முகத்தில் பெருமை இருந்தது.

"உங்க பத்து வயசுல விரலை வைங்க."

வைத்தான். கோடு இரண்டைக் காட்டியது. சிரித்துவிட்டான். "பத்து வயசுலயே ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அப்பனா?"

"இப்போ நாப்பதுல."

விரல் நகர்ந்தது. எட்டில் நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

"எட்டு இல்ல டீச்சர். அவளுக்குப் பதினாறு."

"அப்போ அதை வைங்க."

கோட்டை விட்டு வெகு உயரத்தில், தனியாக, ஒரு புள்ளி வைத்தான்.

"எந்த வருசம் கோட்டை விட்டுப் போனா?"

அவன் பென்சிலால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். முப்பத்தொன்றுக்கு ஏழு. முப்பத்திரண்டுக்கு எட்டு. "நான் உள்ள வந்த அடுத்த வருசமே போயிட்டா" என்றான்.

நாற்பது வரை பத்துப் புள்ளி. ஏணி மாதிரி ஏறிப் போயின. அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிற்று.

"அப்போ இது விகிதமே இல்ல."

"இல்லை."

"இந்தப் பத்துல ஒண்ணைப் பத்திக்கூட எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்."

செலின் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினாள். வெளியே போய் நின்றுகொண்டாள். அவன் நெடுநேரம் கழித்து எழுதினான். 'வா' என்ற ஒரே எழுத்து. கீழே கையெழுத்து.

பதினைந்து நாள் கழித்து செண்பகா வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அம்மாவைவிட அரை அடி உயரமாக ஒரு பெண் நின்றாள். முதலில் அவனுக்கு யாரென்று தெரியவில்லை. "அப்பா" என்றதும் வலையைப் பிடித்துக்கொண்டான். மடித்து வைத்திருந்த தாளை வலையில் ஒட்டினாற்போல் விரித்துப் பிடித்தான். ஏழு வயதுப் புள்ளியில் விரலை வைத்தான்.

அவள் புரிந்துகொண்டாள்.

அடுத்த வகுப்பில், அவள் சொன்னதையெல்லாம் டீச்சரிடம் சொன்னான். "ஏழுல பல்லு விழுந்துச்சாம். ஒம்பதுல நீச்சல் படிச்சிட்டா. வாய்க்கால்ல அவளே குதிச்சாளாம். பதிமூணுல பெரிய மனுஷியானா. பதினஞ்சுல பள்ளிக்கூடத்துல முதலா வந்திருக்கா." அவள் சொன்ன ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் குறித்து வைத்திருந்தான்.

பிறகு குரல் இறங்கிவிட்டது.

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. இந்த மூணுக்கும் வாயே திறக்கல. கேட்டேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டா. கொலைகாரன் பிள்ளைன்னு யாரும் ஏசினாங்களோ என்னமோ."

அவன் தாளை டீச்சர் பக்கம் திருப்பினான்.

"நான் பார்க்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. வெறும் புள்ளியா நிக்குது. பார்க்கப் பார்க்கத் தாங்க முடியல டீச்சர். அந்த மூணையும் அழிச்சிரட்டுமா?"

மேஜைமேல் கிடந்த ரப்பரை டீச்சர் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அதுவும் அவ வயசுதானே."