கண்டக்டர் வாங்கிய லேப்டாப்

வேலூரில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். சிஷ்யருக்கு வயது குருவைப் போல இரண்டு மடங்கு.

குருவின் பெயர் எஸ்தர். பிறவியிலேயே காது கேட்காது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துச் சைகை மொழி சொல்லிக் கொடுத்து வந்தார். அதனால் இந்தக் கதையில் அவர் பேசுவதெல்லாம் கையால் பேசியது, புரியாத இடத்தில் எழுதிக் காட்டியது. மற்றவர்கள் வாயால் பேசுவதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

சிஷ்யர் தணிகாசலம், டவுன் பஸ் கண்டக்டர். அவருடைய ஒரே மகள் பூவிழிக்கும் காது கேட்காது. வீட்டில் பூவிழி கையால் பேசுவாள். அவள் அம்மா ராஜகுமாரி அதை வாயால் சொல்வாள். தணிகாசலம் வாயால் சொல்வதை ராஜகுமாரி கையால் சொல்வாள். அப்படியே காலம் ஓடிவிட்டது. பூவிழிக்குச் சென்னையில் கல்லூரி கிடைத்து, விடுதிக்குப் போகிற நாளும் குறித்தான பிறகுதான் தணிகாசலம் கணக்குப் பார்த்தார். பெற்ற பெண்ணிடம் இதுவரை ஒரு வார்த்தைகூட நேராகப் பேசியதில்லை. போவதற்குள் பேசிவிட வேண்டும்.

வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு எஸ்தர் டீச்சரிடம் வந்து சேர்ந்தார். தப்பும் தவறுமாகக் கையை ஆட்டி, மகள் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தை ஒரே அதட்டில் உள்ளே தள்ளுகிற மனுஷன், பெண்ணுக்குப் பயந்தார்.

"முதல் பாடம். வாயை மூடுங்கள்" என்றார் டீச்சர்.

அது மட்டும் அவருக்கு வரவே இல்லை. கை ஒரு பக்கம் ஆடும், வாய் ஒரு பக்கம் கத்தும்.

"இரண்டாவது பாடம். முகமும் பேச வேண்டும்."

தணிகாசலத்திடம் இருந்தது ஒரே ஒரு முகம். சில்லறை இல்லை என்கிற முகம். அதை வைத்துக்கொண்டு 'அம்மா', 'சோறு', 'மழை' எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

அதற்குள் லேப்டாப் வந்து குறுக்கே நின்றது. கல்லூரியில் லேப்டாப் கேட்டிருந்தார்கள். தணிகாசலம் அதைப் பற்றித் தன் பஸ்ஸில் ஏறிய காலேஜ் பசங்களை எல்லாம் விசாரித்தார். டிக்கெட் கொடுக்கிற கை கொடுத்துக்கொண்டே இருக்கும். வாய் லேப்டாப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவ்வளவையும் டீச்சரிடம் கொண்டுவந்து கொட்டினார்.

"டீச்சர், ஒருத்தன் ரேம் ஜாஸ்தி இருக்கணும்ன்றான். ஒரு பொண்ணு, அங்கிள், பாக்க நல்லா இல்லன்னா காலேஜ்ல மதிக்க மாட்டாங்கன்னுது. இன்னொருத்தன் வெலயப் பாத்து வாங்குங்க, எல்லாம் ஒண்ணுதான்றான். சின்னதா, லேசா, அழகா, எல்லாம் இருந்து, கைக்கு அடக்கமான வெலயில ஒண்ணு வேணும். இன்னா வாங்கலாம்?"

"இன்றைய பாடம், கேள்விகள். 'எது', 'என்ன', 'எப்போது'" என்றார் டீச்சர்.

அடுத்த வகுப்பிலும் லேப்டாப்தான். அதற்கடுத்த வகுப்பிலும் லேப்டாப்தான். ஒருநாள் எஸ்தர் கேட்டார்.

"பூவிழி எது வேண்டும் என்கிறாள்?"

தணிகாசலம் விழித்தார்.

"அவள எங்க டீச்சர் கேக்கறது? நல்லதா ஒண்ணு பாத்து நாமளே வாங்கிக் குடுத்துட்டா சந்தோஷப்படுவா."

டீச்சர் செல்போனை எடுத்து யாருக்கோ செய்தி தட்டினார். வேலூரில் கையால் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும்.

"சனிக்கிழமை கடைக்கு வாருங்கள். நானும் வருகிறேன்."

சனிக்கிழமை தணிகாசலம் காக்கியைக் கழற்றிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிற சட்டையில் வந்தார். கடைக்காரர் மூன்று லேப்டாப்புகளை வரிசையாகத் திறந்து வைத்தார். ஒன்று கறுப்பு, வேகமும் வசதியும் கூடவே எடையும். ஒன்று பொன் நிறம், தகதகவென்று மின்னியது. மூன்றாவது சாம்பல் நிறத்தில் சின்னதாக இருந்தது, அதைப் பற்றிக் கடைக்காரரே அதிகம் பேசவில்லை.

"சவுண்டு எப்டி சார்?" என்றார் தணிகாசலம்.

கேட்க வேண்டியதுதான் தாமதம். கடைக்காரர் பொன்நிற லேப்டாப்பில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு முழுச் சத்தத்தில் வைத்தார். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எஸ்தர் மட்டும் திரும்பவில்லை. வேறு பக்கம் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கு வாங்க வந்து எதைக் கேட்கிறோம்! காது மடல்கூடச் சிவந்துவிட்டது. எஸ்தர் அருகே வந்து, பாடிக்கொண்டிருந்த லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நன்றாக அதிருகிறது" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் வெட்கம் கொஞ்சம் போயிற்று. தணிகாசலம் எடை பார்க்க இறங்கினார். கறுப்பை இடது கையில் எடுத்தார், பொன்நிறத்தை வலது கையில் எடுத்தார். மனசு கேட்காமல் சாம்பல் நிறத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஓடுகிற பஸ்ஸில் எதையாவது இடுக்கிக்கொண்டே நின்று பழகிய உடம்பு.

"சார், சார், டிஸ்ப்ளே பீஸ் சார்!" என்று பதறினார் கடைக்காரர்.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். மூணுல எது?"

டீச்சர் வாசலைப் பார்த்தார். தணிகாசலமும் திரும்பினார்.

வாசலில் பூவிழி நின்றிருந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் தூக்கி வைத்திருந்ததை எல்லாம் பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள்.

தணிகாசலத்தின் கண் பழக்கதோஷத்தில் ராஜகுமாரியைத் தேடியது. அவள் வீட்டில் இருந்தாள். உடனே டீச்சரைப் பார்த்தார். நீங்க சொல்லிடுங்களேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

எஸ்தர் டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தணிகாசலம் வாயைத் திறந்தார். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார், கூடாது என்று. தணிகாசலம் வாயை மூடிக்கொண்டார். கை இரண்டும் நிறைந்திருந்தது. மகள் காத்துக்கொண்டு நின்றாள்.

கறுப்பைக் கீழே வைத்தார். ஒரு கை கிடைத்தது. அதை மட்டும் தூக்கி ஏதோ ஆரம்பித்தார், பாதி வார்த்தைக்குமேல் வரவில்லை. பொன்நிறத்தையும் வைத்தார். கக்கத்தில் இருந்ததை மறந்தே போய், அது நழுவ, கடைக்காரர் பாய்ந்து பிடித்தார்.

இப்போது கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையைத் தூக்கினார்.

"உனக்கு எது வேண்டும்?" என்று கையால் கேட்டார்.

பூவிழி லேப்டாப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை கேளு" என்றாள்.

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன. மெதுவாக, ஒவ்வொரு விரலும் சரியாக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மறுபடி கேட்டார். இந்தத் தடவை அவர் புருவமும் தானாக ஏறியது. சில்லறை இல்லை என்கிற முகம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மகளிடம் எதையாவது கேட்டுவிட மாட்டோமா என்று இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தவரின் முகம்தான் அங்கே இருந்தது.

பூவிழி சிரித்துவிட்டாள். எந்தச் சிரிப்புக்குப் பயந்தாரோ அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"உன் கை ரொம்ப சத்தம் போடுது அப்பா" என்றாள்.

தணிகாசலத்துக்குப் புரிந்தது. யாரும் சொல்லாமல், நடுவில் யாரும் நிற்காமல், மகள் சொன்னது முழுதாகப் புரிந்தது. அவரும் சிரித்தார், சிரிப்பு அழுகையில் போய் நின்றது.

பிறகுதான் பூவிழி லேப்டாப்புகளைப் பார்த்தாள். பொன்நிறத்தின் முன்னால் உட்கார்ந்து கேமராவைப் போட்டாள். பளபளத்த திரையில் கடையின் விளக்கெல்லாம் தெரிந்தது, விரல் தெரியவில்லை. கறுப்பைத் தூக்கிப் பார்த்தாள், விடுதியின் மாடிப்படியை நினைத்து இறக்கி வைத்தாள். சாம்பல் நிறத்தைத் திறந்து, மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, நாற்காலியோடு தள்ளி உட்கார்ந்தாள். முகமும் தெரிந்தது, இரண்டு கையும் தெரிந்தது.

"இது போதும். வீடியோ காலில் பேசும்போது நீயும் இப்படித் தள்ளித்தான் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உன் மூக்கு மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

விலையும் கைக்கு அடக்கமாகவே இருந்தது. அதைத் தணிகாசலம் கேட்டது பில் போடும்போதுதான்.

மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். தணிகாசலம் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். பக்கத்தில் பூவிழி எதையோ சொல்ல ஆரம்பித்து, அவர் பார்ப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் கவனிக்கவில்லை. டீச்சர் பக்கம் குனிந்து, வாயாலேயே கேட்டார்.

"டீச்சர், கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லியே. நல்லதாதான் வாங்கியிருக்கமா?"

எஸ்தர் டீச்சர் அவர் அணைத்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"எதை வாங்கினாலும் நல்லதுதான். கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்."

தணிகாசலம் பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.